பையன் சொன்னது சரிதான், டீச்சர்

கேள்வி:

ஐயா, சேலம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பு வரை எச்.எம். சார் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. பிளஸ் டூவில் நான் படித்தது வணிகவியல் குரூப். அப்புறம் ஆசிரியர் பட்டயப் பயிற்சி, அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ். 14 வருட சர்வீஸ். போன வாரம் ஐந்தாம் வகுப்பில், "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்" என்று சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "இல்ல டீச்சர், ஜனவரியிலதான் பக்கத்துல இருக்காம், எங்க அக்கா சொல்லுச்சு" என்றான். "உக்காருடா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. இத்தனை வருடமாக இதையேதான் நடத்தியிருக்கிறேன். இன்னும் எதையெல்லாம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அஞ்சல் வழியில் பி.எஸ்சி. சேரலாமா? இல்லை, அறிவியலை மட்டும் எச்.எம். சாரிடம் கொடுத்துவிட்டு அவருடைய தமிழை நான் வாங்கிக்கொள்ளட்டுமா? அந்தப் பையனிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பையன் சொன்னது சரி. ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15.2 கோடி ஆகிறது. நம் ஊரில் மார்கழிக் குளிரில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற நாட்களில்தான் சூரியன் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அந்த ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் டெஸ்ட் மேட்சை டிவியில் பார்த்தால், அங்கே தொப்பியும் குளிர்கண்ணாடியுமாகக் கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுக்க ஒரே நேரத்தில் கோடை வந்திருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன அதே விடையைச் சொன்னவர்கள் யார் யார் என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில், கருப்பு அங்கியோடு நின்றிருந்த பட்டதாரிகள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என 23 பேரைப் பிடித்து, கோடை ஏன் வருகிறது, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்டார்கள். 21 பேர் தப்பாகச் சொன்னார்கள். 1987-ல் அது ஆவணப்படமாகவே வந்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் அறிவியல் எடுத்த காலத்தில், ஒவ்வொரு பயிற்சியின் முதல் நாளிலும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். அறிவியல் பட்டதாரிகள் இருந்த அறைகளிலும் பெரும்பாலான கைகள் "பக்கத்தில் வருது" பக்கம்தான் உயரும்.

காரணம் அலட்சியம் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும், தள்ளி நின்றால் சுடாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து நம் உடம்புக்குத் தெரிந்த விஷயம் அது. போதாக்குறைக்கு, பூமியின் சுற்றுப்பாதையைப் படம் போடுகிறவர்கள் கோழிமுட்டையை மிதித்ததுபோல் நீட்டி வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அருகுக்கும் தொலைவுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றில் மூன்றுதான். தாளில் சரியான அளவில் வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகவே தெரியும்.

இங்கே நிறுத்திவிட்டு, "பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கிறது, அதனால்தான் பருவகாலம்" என்று கரும்பலகையில் எழுதிப்போடச் சொன்னால் நான் உங்களுக்கு உதவியவன் ஆகமாட்டேன். ஏனென்றால் அடுத்த வாரம் அதே பையன் எழுந்து, "வடகோளம் சூரியனைப் பார்த்து அதிகமாகச் சாய்வது ஜூனில்னா, நமக்கு ஏன் டீச்சர் சித்திரையிலேயே வெயில் கொல்லுது?" என்று கேட்பான். நல்ல கேள்வி. பாடநூல் விளக்கம் பெரும்பாலும் குளிர் நாடுகளுக்குப் பொருந்துகிற மாதிரிதான் சொல்லப்படுகிறது. நாம் கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருடத்தில் இரண்டு முறை வருகிறது. வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கில், சேலம் பக்கம் ஏப்ரல் 20 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில். திரும்பும் பயணத்தில் சேலத்தில் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. அந்த நாட்களில் உச்சிப்பொழுதில் நேராக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் தலைக்கு மேலே வந்த பிறகும் தரை சூடேறிக்கொண்டே போகிறது, அதனால் உச்சபட்ச வெயில் மே மாதம், கத்திரியில். ஜூனில் சூரியன் இன்னும் வடக்கே போய்விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டிவிட்டு நமக்குக் காற்றையும் மேகத்தையும் அனுப்புகிறது. சூடு இறங்குகிறது.

பகல் நீளம் என்கிற காரணம் ஐரோப்பாவில் பெரிது, நம்மிடம் சிறிது. சேலத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நமக்கு முக்கியமானது வெயில் எந்தச் சாய்வில் விழுகிறது என்பதே. அதைப் பத்து வயதுப் பிள்ளை உலக உருண்டையில் புரிந்துகொள்வது கடினம் (பெரியவர்களுக்கே கடினம்). ஆனால் பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால் தன் கண்ணாலேயே பார்க்கும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் உச்சி நேரத்து நிழல் வடக்குப் பக்கமாகச் சுமார் 70 சென்டிமீட்டர் நீளும். மாதாமாதம் அது சுருங்கி, ஏப்ரலில் காணாமல் போய், ஜூனில் தெற்குப் பக்கமாக 20 சென்டிமீட்டர் அளவில் விழும். நிழல் தெற்கே விழும் என்று சொன்னால் பாதி ஆசிரியர்கள் நம்பமாட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு இது போதும். அச்சுச் சாய்வைப் பற்றி ஒரு வரி சொல்லலாம், தேர்வில் கேட்டால் எழுதட்டும். அதைப் புரியவைத்தே தீருவேன் என்று உட்காராதீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி: இன்னும் எவை தப்பு? நான் ஒரு பட்டியல் போட்டுத் தரலாம், தரப்போவதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்தால் பழைய விடை போய் அந்த இடத்தில் புதிய விடை உட்காரும், அவ்வளவுதான். உங்கள் மனதில் எது தப்பாக இருக்கிறது என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியவரும், அதுவும் ஒரு வழியில்தான். எந்தச் சோதனையையும் வகுப்பில் செய்வதற்கு முன் வீட்டில் செய்யுங்கள். செய்வதற்கு முன் ஒரு நோட்டில், என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று இரண்டு வரி பேனாவால் எழுதிவிடுங்கள். மனதில் நினைத்தால் போதாது. முடிவைப் பார்த்தபின் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனசு மாற்றிச் சொல்லிவிடும்.

ஒன்றைச் செய்துகாட்டுகிறேன். மெழுகுவர்த்தி, தட்டில் தண்ணீர், மேலே கவிழ்த்த கண்ணாடிப் பாட்டில். இதைச் செய்யாத பள்ளி இல்லை. மெழுகுவர்த்தி அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது" என்று முடிப்போம். சில சமயம் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறியும் விடும், நமக்குச் சந்தேகமே வராது.

வாய் அகலமான பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இதை மெதுவாகச் செய்யுங்கள். தண்ணீரில் கொஞ்சம் நீல மை கலந்துகொள்ளுங்கள். விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயம் வையுங்கள், தண்ணீர் உள்ளே வர வழி வேண்டுமே. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் சுடர் எரிகிற நேரம் முழுக்கத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஏறாது. எரியும்போது பெரிதாக அசையாது, சுடர் அணைந்ததும் விறுவிறுவென்று ஏறும். கவிழ்த்த உடனே விளிம்போரம் ஓரிரு குமிழ்கள் வெளியேறினாலும் ஏறலாம், கவனியுங்கள். பாட்டிலின் உட்புறம் புகைபோல மங்கி ஈரம் படியும். இப்போது பாட்டிலைத் துடைத்துவிட்டு, ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தித் துண்டுகளை நிறுத்திக் கொளுத்துங்கள். அதே பாட்டில், அதே ஆக்சிஜன். முன்னைவிடத் தண்ணீர் நன்றாகவே மேலே ஏறும்.

அப்படியென்றால் ஆக்சிஜன் கதை மட்டும் போதாது. சுடரைச் சுற்றியிருந்த காற்று சூடாகி விரிந்த நிலையில் பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டது. ஒரு பகுதி வெளியேயும் போனது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் அதிகச் சூடு, அதிகச் சுருக்கம். ஆக்சிஜன் கொஞ்சம் செலவாவது உண்மைதான். ஆனால் அது மாயமாகிவிடுவதில்லை, மெழுகோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறி உள்ளேயே இருக்கிறது. பாட்டிலை மங்கவைத்த ஈரம் அந்த நீராவிதான். அது தண்ணீராகப் படிவதாலும் இடம் கொஞ்சம் குறைகிறது. சுடர் அணைவது ஆக்சிஜன் சுத்தமாகத் தீர்ந்ததால் அல்ல, காற்றில் 21 சதவீதமாக இருந்தது ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

இதைப் படிக்கும்போது "சரி, புரிகிறது" என்று இருக்கும். தயவுசெய்து நம்பாதீர்கள், மூன்று மெழுகுவர்த்தியையும் கொளுத்திப் பாருங்கள்.

நிலாவையும் இதே மாதிரி நீங்களே பிடித்துவிடலாம். பிறை ஏன் தெரிகிறது என்று கேட்டால், "பூமியின் நிழல் விழுவதால்" என்பார்கள். நிழல் விழுந்தால் அது கிரகணம், அது பௌர்ணமியில் மட்டும்தான் வரும். மூன்றாம் பிறை தெரிகிற சாயங்காலம் மேற்கே பாருங்கள்: சூரியன் இப்போதுதான் இறங்கியிருக்கும், பிறை அதற்குச் சற்று மேலே. பூமியின் நிழல் சூரியன் இருக்கும் பக்கமே எப்படி விழும்? தேய்பிறை அஷ்டமியை ஒட்டிக் காலை இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் மேற்கு வானத்தைக் காட்டுங்கள், அரை நிலா வெளிறிப்போய் நிற்கும். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கை நீட்டி அந்த நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் படும் பழத்தில் எந்தப் பாதி ஒளியாக இருக்கிறதோ, நிலாவிலும் அதே பாதிதான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பிடித்துப் பார்க்காமல் வகுப்புக்குள் போகமாட்டார்கள்.

செடிக்கு மண்தான் சாப்பாடு என்பது இன்னொன்று. எரு போட்டால் செழிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படி நினைப்பார்கள்? வான் ஹெல்மோன்ட் என்கிற பெல்ஜிய மருத்துவர், உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 5 பவுண்டிலிருந்து 169 பவுண்டு ஆனது. மண்ணின் எடை குறைந்ததோ வெறும் இரண்டு அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. மண்ணிலிருந்து வரவில்லை என்பது நிரூபணம். ஆனால் அவர், அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மரக்கட்டையின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பதை இன்றைக்கும் நாம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைச் சரியாக எழுதிவிட்டு, நம்பாமலேயே கடந்துபோகிறோம்.

ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே துளிர்ப்பது, கம்பளியில் சுற்றிய ஐஸ் துண்டு சீக்கிரம் உருகுமா மெதுவாகவா, ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர் கொண்டு விளக்கெரிப்பது: இவை மூன்றையும் நோட்டில் எழுதி வைத்துச் செய்து பாருங்கள். விடையை நான் சொல்லவில்லை.

பி.எஸ்சி. பற்றி. பதவி உயர்வுக்கு, சம்பளத்துக்கு உதவும் என்றால் தாராளமாகச் சேருங்கள், அது வேறு கணக்கு. இந்தக் குறைக்கு அது மருந்து இல்லை. ஹார்வர்டில் கேட்டதும் பட்டதாரிகளைத்தான். கல்லூரி இயற்பியல் இதற்கு மேலே ஏறி மாடி கட்டுகிறது, கீழே இருக்கும் அடுப்புச் சூட்டு நம்பிக்கையைத் தொடுவதே இல்லை. டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150-க்கு 30 மதிப்பெண் சூழ்நிலையியல். அதுவும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அச்சு 23.5 பாகை என்று டிக் அடித்தவர் வகுப்பில் வந்து "பக்கத்தில் வருது" என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. உங்களுக்குத் தேவை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகங்கள் மூன்று, நோட்டு ஒன்று, பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் மனசுவிட்டுப் பேசக்கூடிய அறிவியல் ஆசிரியர் ஒருவர். துளிர் என்கிற சிறுவர் அறிவியல் இதழையும் வாங்கிப் பள்ளியில் போடுங்கள், பிள்ளைகளுக்கு முன் நீங்கள் படிப்பீர்கள்.

சி.ஆர்.சி. மீட்டிங், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடும் பயிற்சிக் கூட்டம், என்று ஒன்று இருக்கிறது அல்லவா. திரையில் பி.பி.டி. ஓடும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். நான் நடத்தியவற்றிலும் அப்படிப்பட்டவை உண்டு, மேலிருந்து வந்த ஸ்லைடுகளை ஓட்டித்தான் ஆக வேண்டும். இதற்கு நேர் எதிரான ஒரு வேலை மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம். பிறகு ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து விரித்தது. 2002-ல் மாநில அரசு நிறுத்தும் வரை 30 வருடம் நடந்தது. அங்கே ஆசிரியர்களுக்கு உரை நிகழ்த்தவில்லை. விடுமுறைப் பயிற்சியில், பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர்கள் தாங்களே செய்து, சண்டை போட்டு, முடிவு எழுத வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் மாதாமாதம் கூட்டம். வகுப்பில் எங்கே இடறியது என்பதே அங்கே பேச்சு. பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆளையே உருவாக்கி வைத்திருந்தார்கள்.

உங்கள் குறுவள மையத்தில் முழுத் திட்டத்தைக் கொண்டுவர முடியாது. ஆனால் ஆசிரியர் பயிற்றுநரிடம் அரை மணி நேரம் கேட்கலாம். ஒரு சோதனை, பொருள் உங்களுடையது. முதலில் எல்லோரும் துண்டுச்சீட்டில் விடை எழுதிப் பெயர் போடாமல் மடித்துக் கொடுக்கட்டும். சீட்டைப் பிரித்துப் படித்தால், நீங்கள் தனி ஆள் இல்லை என்று அந்த அறைக்கே தெரிந்துவிடும். பெயர் போடச் சொன்னால் ஒருவரும் எழுதமாட்டார்கள், அதில் உறுதியாக இருங்கள்.

பையனிடம் சுற்றி வளைக்க வேண்டாம். வகுப்பில் எல்லோர் முன்னாலும், "நீ சொன்னது சரிடா, நான் சொன்னது தப்பு, எல்லோரும் நோட்டில் அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க" என்று சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், மற்ற பிள்ளைகளின் நோட்டில் தப்பு அப்படியே இருக்கும், "உக்காருடா" என்று சொன்னதுதான் அவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஆனால் "நல்ல கேள்வி, நீயே கண்டுபிடிச்சுட்டு வா" என்று அனுப்பிவிடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். பயிற்சிகளில் அதை ஒரு உத்தியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். திரும்பி வந்து அந்தக் கேள்வியை எடுக்காவிட்டால், அது மரியாதையாகச் சொல்லும் "உக்காருடா"தான். கேள்வியை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விடை கிடைத்த அன்று கீழே எழுதுங்கள். குச்சி நடும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். மாதம் ஒருநாள் உச்சிப்பொழுதில் அளக்கட்டும். உங்கள் பக்கம் ஏப்ரலில் கடிகாரம் 12.15-ஐத் தாண்டும்போதுதான் உச்சி, அதனால் 12 மணியிலிருந்து அரை மணி நேரம் நிழலைக் குறித்து, மிகக் குட்டையானதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே படித்துவிட்டுப் போன பிள்ளைகளை நினைத்து எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் பலர் அந்த விடையை உங்களிடம் வருவதற்கு முன்பே வைத்திருந்தார்கள், நீங்கள் அதை அசைக்கவில்லை, அவ்வளவே. இப்போது நான்கிலும் ஐந்திலும் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள்.

கடைசியாக, எச்.எம். சாரிடம் அறிவியலைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்காதீர்கள். வேண்டுமானால் மதிய உணவு இடைவேளையில் அவர் முன்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் மூன்று மெழுகுவர்த்தியையும் வைத்து, தண்ணீர் எவ்வளவு ஏறும், ஏன் என்று கொளுத்துவதற்கு முன்னாலேயே ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். என்ன எழுதினார் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.